கிறிஸ்துமஸ் அல்லாத நாட்களில் வான்கோழி: டர்பன் வீட்டுச் சமையலுக்கு ஒரு வழிகாட்டி

ஜனவரி இரண்டாம் வாரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பேரங்காடிகளின் உறைபெட்டிகளைத் திறந்து பார்த்தால், விலை குறைத்து ஒட்டிய தாளோடு நாலைந்து வான்கோழிகள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் காணலாம். அது கிறிஸ்துமஸ் விருந்துக்கான பறவை, பண்டிகை முடிந்துவிட்டது, இனி அதை வாங்கி என்ன செய்வது என்று பலரும் கடந்து போய்விடுகிறார்கள். நம் ஊரில் கிறிஸ்துமஸ் வருவதோ கோடையின் உச்சத்தில். காற்றில் ஈரம் பிசுபிசுக்கும் அந்த நாட்களில் மூன்று மணி நேரம் அடுப்பறையைக் கொதிக்கவிட்டு, முழுப் பறவையைச் சுட்டெடுத்து, நெஞ்சுக்கறி பஞ்சுபோல் உலர்ந்துபோனதைக் கண்டு, வான்கோழி சுவையில்லாத இறைச்சி என்று ஒருமுறை முடிவு கட்டியவர்கள் பிறகு அதைத் தொடுவதேயில்லை. குறை பறவையில் இல்லை. சமைத்த முறையிலும் சமைத்த பருவத்திலும் இருக்கிறது என்பதுதான் என் பல ஆண்டு அனுபவம்.

டோங்காட்டில் கரும்புக் காட்டை ஒட்டியிருந்த வீட்டில் என் பாட்டி கோழிகளோடு சில வான்கோழிகளையும் வளர்த்தார். அவற்றை அவர் ஒருநாளும் முழுதாகச் சுட்டதில்லை. தொடை, கால், இறக்கை எல்லாம் குழம்புக்கு, நெஞ்சுக்கறி வறுவலுக்கு, கழுத்தும் முதுகெலும்பும் ரசத்துக்கு என்று பிரித்துவிடுவார். ‘ரன்னிங் ஃபௌல்’ என்று நாம் சொல்லும் முற்றத்துக் கோழியை எப்படிப் பொறுமையாக வேகவைப்போமோ, அப்படியே வான்கோழிக் காலையும் நடத்த வேண்டும். நெஞ்சை அதற்கு நேர் எதிராக, குறைந்த நேரத்தில், கவனமாகச் சமைக்க வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், வான்கோழி ஆண்டு முழுவதும் நம் அடுப்புக்கு உகந்த இறைச்சியாகிவிடும். அதற்கான வழியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இறைச்சி சமைப்பது நாட்காட்டியைப் பார்த்துத்தான். ஜனவரியில் விலை குறைந்த பறவையை வாங்கலாமே தவிர, தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீட்டில் உடனே சமைக்க முடியாது. சித்திரைக் காவடி எடுப்பவர்களும், புனித வெள்ளியை ஒட்டி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் ஏப்ரலை ஒட்டிய நாட்களில் விலகியிருப்பார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் வாரங்கள் வந்துவிடும். புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்குவதால், செப்டம்பர் 24 மரபு நாளன்று நாடே ‘பிராய்’ என்னும் இறைச்சிச் சுடலுக்கு நெருப்பு மூட்டும்போது புரட்டாசி விரதக்காரர்கள் காய்கறியோடு நின்றுவிடுவார்கள். தீபாவளி கழிந்ததும் கந்த சஷ்டி. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், மே, ஜூன் மாதங்களும் ஜூலையின் முதல் இரண்டு வாரங்களும் கைக்கு வாய்ப்பாக இருக்கின்றன. அதுவே நம் குளிர்காலம். மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் அந்த நாட்களில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கும் குழம்பு வீட்டுக்கே இதமாக இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸில் நன்றாக மூடி உறைய வைத்த முழு வான்கோழி ஓராண்டு வரை தரம் குறையாமல் இருக்கும் என்பதால், ஜனவரியில் வாங்கியதை ஜூன் வரை வைத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை. உறையில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கடையில் கிடைக்கும் உறைந்த வான்கோழிகளில் பலவற்றில் உப்புநீர் ஏற்றப்பட்டிருக்கும். சிலவற்றில் அதோடு எண்ணெய் அல்லது வெண்ணெய்க் கலவையும் இருக்கும். உறையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அது எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட பறவைக்கு நாம் மேலும் உப்பிட்டு ஊறவைத்தால் கறி உவர்த்துப்போகும். எனவே கீழே நான் சொல்லும் உப்பின் அளவைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பறவையை நான் வாங்குவதில்லை. அதற்கு மேல் போனால் வீட்டுக் குளிர்பெட்டியில் பனி நீங்க வைக்க இடம் இருக்காது. கால்களும் மிகக் கடினமாக இருக்கும். கால், இறக்கை ஆகியவற்றைத் தனியாக விற்கும் கடை உங்களுக்கு அருகில் இருந்தால், முதல் முறை சமைப்பவர் கால்களை மட்டும் வாங்கித் தொடங்குவதே நல்லது.

பனி நீக்குவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். உறைந்த பறவையை இரவு முழுவதும் தொட்டியில் வைத்துவிட்டுக் காலையில் வெட்டுவது நம் வீடுகளில் பழக்கமாக இருக்கிறது. சிறிய கோழிக்கே அது சரியில்லை, வான்கோழிக்கு மிகவும் ஆபத்து. வெளிப்பக்கம் அறைச் சூட்டுக்கு வந்து கிருமிகள் பெருகத் தொடங்கிய பின்னும் நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. ஆகவே பறவையை உறையோடு ஓர் ஆழமான தட்டில் வைத்துக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் விட வேண்டும். வடியும் நீர் வேறு உணவின்மேல் சொட்டக் கூடாது என்பதற்காகத்தான் அடித்தட்டு. ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டால், ஐந்து கிலோ பறவைக்கு இரண்டு முழு நாட்களும், பாதுகாப்புக்கு இன்னும் அரை நாளும் தேவை. சனிக்கிழமை சமைக்க வேண்டுமானால் புதன்கிழமை மாலையே உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். நேரம் இல்லாதவர்கள், நீர் புகாத உறைக்குள் வைத்துக் குளிர்ந்த நீரில் முழுவதும் மூழ்கும்படி போட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால், அரை கிலோவுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் ஐந்து மணி நேரத்தில் பனி நீங்கிவிடும். ஆனால் இந்த முறையில் பனி நீக்கியதை உடனே சமைத்தாக வேண்டும்.

மின்வெட்டுக் காலங்களில் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் உறைந்த நிலையைக் காக்கும். குளிர்பெட்டியோ நான்கு மணி நேரம்தான் தாங்கும். லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டின் அட்டவணையில் நீண்ட வெட்டு இருக்கும் வாரத்தில் வான்கோழியை உறைபெட்டியிலிருந்து எடுக்காமல் இருப்பதே நல்லது.

இனி வெட்டும் வேலை. முழுப் பறவையும் வேண்டாம், பாதி போதும் என்பவர்கள் உறைந்த நிலையிலேயே இறைச்சிக்கடைக்கு எடுத்துப்போனால், அவர்கள் இயந்திர ரம்பத்தில் நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தருவதுண்டு; மறுபாதியைப் பனி நீங்கும் முன்பே திரும்ப உறைபெட்டியில் வைத்துவிடலாம். பறவையின் வயிற்றுக்குள் கழுத்து, கல்லீரல், இதயம், கற்குடல் ஆகியவை ஒரு சிறு பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ரம்பத்தில் அறுத்தால் அந்தப் பையும் சேர்ந்து அறுபடும் என்பதால், பனி நீங்கியதும் பிளாஸ்டிக் துண்டுகள் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே வெட்டுவதும் கடினமல்ல. கோழி வெட்டத் தெரிந்தவருக்கு வான்கோழியும் வெட்ட வரும். அளவுதான் பெரிது, மூட்டுகள் இருக்கும் இடம் ஒன்றே. கூரான நீண்ட கத்தி ஒன்று போதும். கத்தியால் ஓங்கி எலும்பை வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் வான்கோழி எலும்பு சிதறிக் கூரிய சில்லுகளாகக் குழம்பில் கலந்துவிடும். தொடையை உடலிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துத் தோலை அறுத்து, மூட்டின் உருண்டை வெளியே வரும்வரை பின்பக்கமாக வளைத்து, அந்த இடைவெளியில் கத்தியை விட்டால் கால் முழுவதுமாகக் கழன்றுவிடும். தொடையும் காலும் சேரும் இடத்தில் கொழுப்பு ஒரு மெல்லிய கோடுபோலத் தெரியும். அதன்மேல் வெட்டினால் மூட்டு தானாகப் பிரியும். இறக்கையையும் அப்படியே எடுங்கள். நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பின் இரு பக்கமும் கத்தியை எலும்போடு ஒட்டியபடி இறக்கி, விலா எலும்புகளை உரசிக்கொண்டே போனால், நெஞ்சுக்கறி இரண்டு பெரிய துண்டுகளாக வந்துவிடும். மிஞ்சிய கூட்டை மூன்றாக ஒடித்து ரசத்துக்கு வையுங்கள். ஐந்து கிலோ பறவையில் எனக்குப் பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டிக் கால், தொடை, இறக்கையும், ஒன்றரை கிலோவை ஒட்டி எலும்பில்லாத நெஞ்சுக்கறியும் கிடைக்கின்றன. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது மூன்று வேளை விருந்து.

கழுவுவதைப் பற்றி ஒரு சொல். மஞ்சளும் எலுமிச்சையும் தேய்த்துக் குழாய்நீரில் இரண்டு மூன்று முறை அலசுவது நாம் தாயிடமிருந்து கற்ற வழக்கம். ஆனால் பச்சைக் கோழி இனங்களைக் குழாயின் கீழ் அலசும்போது தெறிக்கும் நீர் தொட்டி, தட்டு, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக் கட்டு வரை கிருமிகளைக் கொண்டுபோகிறது. பறவையிலிருக்கும் கிருமி நீரால் சாவதில்லை, சூட்டால்தான் சாகிறது. வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் துண்டுகளைக் காகிதத் துணியால் ஒற்றியெடுத்து, மஞ்சளும் எலுமிச்சையும் தேய்த்து, அலசாமல் அப்படியே ஊறவைத்துவிடலாம். வாடையும் போகும், தெறிப்பும் இருக்காது.

குழம்புக்கு வருவோம். வான்கோழியின் காலும் தொடையும் நடந்து நடந்து உழைத்த தசை. நிறம் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். இணைப்புத் திசு நிறைந்த இந்த இறைச்சியைக் குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வேகவைத்தால், 80 டிகிரியைத் தாண்டியதும் அந்தத் திசு மெல்லக் கரைந்து குழம்பைப் பளபளப்பாகவும் கெட்டியாகவும் ஆக்கும். பாதியில் இறக்கினால் ரப்பர்போல இருக்கும். அவசரப்பட்டு எரியவிட்டால் வெளிப்பக்கம் பிரிந்து நார் நாராகும்.

இரண்டு கிலோ துண்டுகளுக்கு மூன்று தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி மிளகாய் மசாலா, அரை எலுமிச்சையின் சாறு ஆகியவற்றைப் பிசறி, மூடி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடி கனத்த பாத்திரத்தில் ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, இரண்டு பட்டை, ஓர் அன்னாசிப்பூ, ஒரு பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி சோம்பு ஆகியவற்றைப் போட்டு மணம் வந்ததும், நீளமாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், கீறிய மூன்று பச்சை மிளகாய், இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை சேர்த்து வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. பதினைந்து நிமிடம் பிடிக்கும், அந்தப் பதினைந்து நிமிடம்தான் குழம்பின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது சேர்த்துப் பச்சை வாடை போனதும் அடுப்பைத் தணித்து, நான்கு மேசைக்கரண்டி டர்பன் கலவை மசாலாவைப் போட்டு அரை நிமிடம் மட்டும் கிளறி, கரிந்துவிடாதபடி உடனே துண்டுகளைச் சேர்த்துவிடுங்கள். விக்டோரியா தெருச் சந்தையில் குவித்து விற்கும் மசாலாக்களில் ‘மாமியார் மசாலா’ மிகக் காரமானது. பிள்ளைகள் சாப்பிடும் வீடாயின் அதில் ஒரு பங்கும் காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய்த்தூள் மூன்று பங்கும் கலந்துகொள்ளலாம். நிறம் குறையாது.

துண்டுகளை மசாலாவில் பத்து நிமிடம் புரட்டி, எண்ணெய் பிரியத் தொடங்கியதும், துருவிய நான்கு தக்காளியையும் இரண்டு ஈர்க்குத் தைம் இலையையும் சேர்க்க வேண்டும். தைம் தமிழ்நாட்டுக் குழம்பில் இல்லாத வாசம். நம் நேட்டால் அடுப்புகளில் தலைமுறைகளாக இருக்கிறது, வான்கோழிக்கு ஆட்டுக்கறியைவிட நன்றாகவே பொருந்துகிறது. தக்காளி கரைந்ததும் துண்டுகள் முக்கால்வாசி மூழ்கும் அளவுக்குக் கொதிநீர் ஊற்றி, மூடி, மெல்லிய கொதியில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு நான்காக வெட்டிய உருளைக்கிழங்கு நான்கைச் சேர்த்து இன்னும் அரை மணி. குழம்புக்கு ‘அப்-டூ-டேட்’ என்ற உருளைக்கிழங்கு வகையே சிறந்தது; அது குழம்பை உறிஞ்சிக்கொண்டு விளிம்பு கரைந்து நடுவில் உருவோடு நிற்கும். முள்கரண்டியால் குத்தினால் கறி எலும்பிலிருந்து தானாக விலக வேண்டும். ஒரு தேக்கரண்டி கரம் மசாலாவும் ஒரு கைப்பிடிக் கொத்தமல்லித் தழையும் தூவி இறக்கி, அரை மணி நேரம் மூடியே வைத்திருந்து பரிமாறுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் என் தங்கை இதே அளவும் நேரமும் வைத்துச் சமைத்துவிட்டு, கறி வேகவில்லை என்று தொலைபேசியில் வருத்தப்பட்டாள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நம் கடற்கரை அடுப்பில் ஒன்றரை மணியில் வேகும் கால் அங்கே இரண்டு மணிக்கு மேல் கேட்கும். உயர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் அழுத்தக் குக்கரைப் பயன்படுத்துவதே சரி: நிறைய நீர் ஊற்றாமல், அழுத்தம் வந்த பிறகு இருபத்தைந்து நிமிடம், பின் தானாக அடங்கவிட்டு, உருளைக்கிழங்கைத் தனியாகச் சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். போய்க்கி என்னும் மூன்று கால் இரும்புப் பானை வைத்திருப்பவர்கள், கரித்துண்டுகளின் மேல் அடிக்கடி கிளறாமல் இரண்டரை மணி நேரம் விட்டால், இந்தக் குழம்பு அடுப்பில் வைத்ததைக் காட்டிலும் ஒரு படி மேலாக வரும்.

பரிமாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வான்கோழியின் கீழ்க்காலில் கோழிக்கு இல்லாத அளவுக்கு விறைத்த நரம்புகள் எலும்புக் குச்சிகள்போல் நிற்கும். கறி நன்றாக வெந்த பின் அவற்றை இடுக்கியால் பிடித்து இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கீழ்க்காலைக் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

நெஞ்சுக்கறி முற்றிலும் வேறு கதை. அதில் கொழுப்பும் குறைவு, கரைவதற்கு இணைப்புத் திசுவும் குறைவு. ஆகவே நேரம் கூடக் கூட அது மென்மையாவதில்லை, நீரை இழந்துகொண்டே போகிறது. முழுப் பறவையைச் சுடும்போது தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு உலர்ந்துவிடுவது இதனால்தான். வான்கோழி பாதுகாப்பாக வெந்துவிட்டது என்பதற்கு அளவு, கனமான இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ். இறைச்சி வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது தவறு, ஏனென்றால் முழுதாக வெந்த இளம் பறவையின் கறியும் சில வேளை எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாகவே இருக்கும். வெள்ளையாகிவிட்ட கறியின் நடுவில் சூடு போதாமலும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் செய்வது இது. நெஞ்சுத் துண்டைத் தோலோடு எடுத்து, கிலோவுக்கு 12 கிராம் என்ற கணக்கில் உப்பைத் தடவி, மூடாமல் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைக்கிறேன். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரே உப்போடு உள்ளே போய்த் தசைநார்களைத் தளர்த்துவதால், சுடும்போது சாறு குறைவாகவே வெளியேறும். தோலும் உலர்ந்து நன்றாக முறுகும். மறுநாள் இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் இடித்த மிளகு, நசுக்கிய பூண்டு, பொடியாக அரிந்த கறிவேப்பிலை ஆகியவற்றைக் கலந்து தோலுக்கும் கறிக்கும் இடையே விரலால் பரப்பி, 160 டிகிரியில் சூடேறிய ஓவன் அடுப்பில் வைக்கிறேன். முக்கால் கிலோத் துண்டுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும். 72 டிகிரி காட்டும்போது வெளியே எடுத்து, தளர்வாக மூடி, பதினைந்து நிமிடம் விட்டால் உள்சூடே அதை 74-க்கு மேல் கொண்டுபோய்விடும். வெப்பமானி அதைக் காட்டிய பின்பே கத்தியை வைக்க வேண்டும். நாரின் குறுக்கே மெல்லியதாக வெட்டுங்கள்.

வேலை நாளில் வறுவல் எளிது. அரை கிலோ நெஞ்சுக்கறியை நாரின் குறுக்கே அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, மூன்று மேசைக்கரண்டி தயிர், உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் பிசறி அரை மணி வைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் சிறு சிறு ஈடாகப் போட்டு நாலைந்து நிமிடம் புரட்டியெடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் சட்டி ஆறி, கறி வறுபடாமல் நீரில் வெந்துவிடும். கடைசியில் வதக்கிய வெங்காயத்தையும் ஒரு தேக்கரண்டி சோம்புத்தூளையும் சேர்த்துக் கிளறினால் போதும்.

பிரியாணிக்குத் தொடைக்கறியை மட்டும் எடுங்கள். குழம்புபோலவே மசாலாவில் ஒரு மணி நேரம் வேகவைத்த பிறகே, பாதி வெந்த அரிசியும் நம் ஊர் வழக்கப்படி வேகவைத்த முழு மசூர்ப் பருப்பும் அடுக்கித் தம் போட வேண்டும். பச்சைக் கறியை அடியில் அடுக்கும் முறை வான்கோழிக்கு ஒத்துவராது. அரிசி குழைந்தாலும் கறி வேகாது. பக்கத்தில் தயிரும் கேரட் சம்பலும் இருந்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை.

கூட்டு எலும்பு, கழுத்து, இறக்கை நுனி ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். எலும்புகள் மூழ்க இரண்டரை லிட்டர் நீர் ஊற்றி, ஒரு வெங்காயமும் பத்து மிளகும் போட்டு, உப்பிடாமல், நுரையை எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்தால், குளிர்ந்ததும் கூழ்போல உறையும் சாறு கிடைக்கும். உப்பைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம், சாறு வற்ற வற்ற உவர்ப்பு கூடிவிடும் என்பதே. இந்தச் சாற்றில் புளியைக் குறைத்து, மிளகு, சீரகம், பூண்டு இடித்துப் போட்டு, நெய்யில் கறிவேப்பிலை தாளித்து வைக்கும் ரசம் ஜூலை மாதச் சளிக்கு எங்கள் வீட்டில் முதல் மருந்து. கழுத்துக்கறியை உதிர்த்து அதிலேயே போட்டுவிடுவேன். பாட்டி கற்குடலையும் சேர்ப்பார். அதை மெல்லியதாக அரிந்து எலும்போடு முதலிலிருந்தே வேகவைக்க வேண்டும்.

வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வரும் என்று வேலைநாளில் அதைத் தவிர்க்கும் சிலரை எனக்குத் தெரியும். தூக்கம் தரும் டிரிப்டோஃபேன் என்ற சத்து வான்கோழியில் தனியாக மிகுந்து இருப்பதில்லை. கோழியிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது. விருந்து நாளில் கண் சொருகுவது உண்ட அளவினால். குழம்பில் இரண்டு துண்டும் அளவான சோறும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். நெஞ்சுக்கறிச் சுடலில் மிஞ்சியதை மெல்லியதாக அரிந்து, மாங்காய் அச்சாறு தடவி ரொட்டியில் சுருட்டி மதிய உணவுக்குக் கட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை. குழம்பு மறுநாள் கூடுதல் சுவையாக இருக்கும். கால் பங்கு பிரெட் கட்டியைக் குடைந்து, குழம்பை நிரப்பி, ‘பனி சௌ’ (bunny chow) என்னும் டர்பன் உணவாகச் சாப்பிட அதுவே ஏற்ற நாள். ஆனால் அதற்கு முன் எலும்பையும் நரம்பையும் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். 32 டிகிரியைத் தாண்டும் கோடை நாளாயின் ஒரு மணி நேரத்துக்குள். ஆழமான பாத்திரத்தோடு அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும் என்பதால், அகலமான தாழ்ந்த பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்குள் உண்டு முடிக்க முடியாத பங்கை முதல் நாளே உறைபெட்டிக்கு மாற்றிவிடுங்கள். உருளைக்கிழங்கு உறைந்து இளகும்போது மாவாகிவிடும் ஆகையால், அந்தப் பங்கில் கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, மேலே தேதி எழுதி வைத்தால் மூன்று மாதம் வரை சுவை மாறாது. சாப்பிடும் நாளில் புதிதாகக் கிழங்கு வேகவைத்துச் சேர்த்து, குழம்பு நடுவிலும் ஆவி பறக்கக் கொதிக்கும்வரை சூடாக்குங்கள்.